அலையும் சிந்தனையும் மனிதப் பொறுப்பும்: மாதேஸ்வரன் மலை தரும் பாடம்

கர்நாடக மாநிலத்தின் தென்கோடியில், மைசூரிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது மாதேஸ்வரன் மலை. இம்மலை அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை அன்றைய சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அதன் பகுதியாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறிய போதிலும் மக்களின் போக்குவரத்து மாறவில்லை. மகா சிவராத்திரி, தீபாவளி, யுகாதி ஆகிய விழாக் காலங்களில் இரு மாநிலங்களிலிருந்தும் அடியார்கள் காட்டுவழியே நடந்து இம்மலைக்கு வருகின்றனர். மாதேஸ்வரரின் வரலாற்றைக் கம்சாளைக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகின்றனர். அவருடைய ஊர்தி புலி. புலிமீது அமர்ந்த கோலத்தில் 108 அடி உயரச் சிலை ஒன்றும் 2023-இல் இங்குத் திறந்து வைக்கப்பட்டது.

புலியைத் தெய்வத்தின் ஊர்தியாகப் போற்றும் இம்மலையில், 2025-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், ஒரு தாய்ப் புலியும் அதன் நான்கு குட்டிகளும் ஹூக்யம் வனச்சரகத்தில் இறந்து கிடக்கக் காணப்பட்டன. புலி அடித்துக் கொன்ற ஒரு பசுவின் உடலில் நஞ்சு கலக்கப்பட்டிருந்தது. மீண்டும் இரைக்கு வந்த தாயும் குட்டிகளும் அதனை உண்டு மாண்டன. இதன் தொடர்பில் மூவர் கைது செய்யப்பட்டனர். அதனைத் தொடர்ந்து மற்றொரு செய்தியும் வெளிவந்தது. அப்பகுதியில் ரோந்துப் பணிபுரிந்த ஒப்பந்த ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் ஊதியம் வழங்கப்படாமல் இருந்தது. மாநில அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. அதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை ஒரு குற்றச் செய்தியாக மட்டும் கருதிவிட்டு விடலாகாது. கணிப்பொறியும் தானியங்கிக் கருவிகளும் ஆட்சிப் பணியின் எல்லாத் துறைகளிலும் புகுந்துவிட்ட இக்காலத்தில், மனிதனுக்கு எஞ்சியுள்ள கடமை யாது என்னும் கேள்வியை அது எழுப்புகின்றது. இக்கேள்விக்கு விடை காண, வனப் பாதுகாப்பில் இயந்திரங்கள் ஆற்றிவரும் பணியை முதலில் அறிதல் வேண்டும்.

கேமராவும் காலடியும்

இந்தியாவில் 1970-களிலிருந்து பல்லாண்டுகள் புலிகளின் எண்ணிக்கை காலடித் தடங்களைக் கொண்டே கணக்கிடப்பட்டது. வனக் காவலர்கள் தடங்களைக் கண்ணாடித் தகட்டின் மேல் வரைந்தெடுத்து, ஒவ்வொன்றும் எந்தப் புலிக்கு உரியது எனத் தீர்மானித்தனர். இம்முறையின் குறைபாடு இராஜஸ்தானின் சரிஸ்கா சரணாலயத்தில் வெட்டவெளிச்சமாயிற்று. 2004-ஆம் ஆண்டுக் கணக்கில் அங்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாகக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தேடியபோது ஒரு புலிகூட அங்கு இல்லை. இதன் விளைவாக 2005-இல் மத்திய அரசு புலிகள் செயற்குழு ஒன்றை அமைத்தது. பின்னர் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் உருவாயிற்று.

2006-ஆம் ஆண்டு முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் அகில இந்தியக் கணக்கெடுப்பில் தானியங்கிக் கேமராக்கள் முக்கிய இடம் பெற்றன. விலங்கு ஒன்று எதிரே கடக்கும்போது அதன் அசைவையும் உடல் வெப்பத்தையும் உணர்ந்து தாமாகவே படம் எடுப்பவை இக்கேமராக்கள். மனிதருக்குக் கைரேகை போலப் புலிக்கு உடல்வரிகள். ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு இராது. ஆகவே படங்களை ஒப்பிட்டு ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காண இயலும்.

2018-19-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. அவை எடுத்த படங்கள் 3 கோடியே 48 இலட்சத்திற்கும் அதிகம். அவற்றுள் புலிப் படங்கள் 76,651; சிறுத்தைப் படங்கள் 51,777. இத்தனை படங்களையும் மனிதக் கண்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்பதெனில் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் மென்பொருள், படங்களை விலங்கு வகைப்படி பிரித்துத் தந்தது. வரிகளை ஒப்பிடும் பணியையும் மற்றொரு மென்பொருள் எளிதாக்கியது. நாட்டில் 2,967 புலிகள் இருப்பதாக அப்போது மதிப்பிடப்பட்டது. உலகின் மிகப் பெரிய கேமராக் கணக்கெடுப்பு என இது கின்னஸ் நூலிலும் இடம் பெற்றது.

இவ்விவரங்களுக்கு இடையே மற்றோர் எண்ணும் உண்டு. அதே கணக்கெடுப்பில் பணியாளர்கள் கால்நடையாகக் கடந்த தொலைவு 5,22,996 கி.மீ. ஆகும். கேமராவை எங்கே வைப்பது என்பதை நடந்தவர்களே கூறினர். எச்சம், நகக்கீறல், காலடித் தடம், இரை விலங்குகளின் நடமாட்டம், மனிதத் தலையீடு ஆகியவற்றை நடந்தவர்களே குறித்தனர். இயந்திரத்தின் வெற்றி எனப் பேசப்படும் இச்சாதனையின் அடித்தளம் மனிதரின் நடையாகும்.

படிவம் கேளாத கேள்வி

மாதேஸ்வரன் மலை வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், பிலிகிரி ரங்கசாமி மலைப் புலிகள் காப்பகம், காவிரி வனவிலங்குச் சரணாலயம் ஆகியவற்றோடு இணைந்து, புலிகளும் யானைகளும் நடமாடும் பெரிய காட்டுத் தொடராக இது விளங்குகின்றது. காட்டின் உள்ளும் விளிம்பிலும் சோளகர், பேடகம்பணர் முதலிய மக்களின் குடியிருப்புகள் உள்ளன. கால்நடை வளர்ப்பு அவர்களுடைய வாழ்வுக்கு முக்கிய ஆதாரம். கர்நாடகக் கிராமங்களின் கால்நடைகளோடு தமிழ்நாட்டுக் கால்நடைகளும் இக்காட்டில் மேய்ந்து வந்தன.

இத்தகைய இடத்தில் ஒரு கேமரா என்ன கூறும்? இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன புலி இவ்வழியே சென்றது எனக் கூறும். அதனோடு குட்டிகள் எத்தனை என்பதையும் கூறும். இவை பெருமதிப்புடைய செய்திகள். ஆனால் பசுவை இழந்தவரின் மனநிலை யாது? இழப்பீடு எப்போது கிடைக்கும் என அவர் நம்புகிறார்? அந்த ஊரின் தேநீர்க் கடையில் மக்கள் என்ன பேசிக்கொள்கின்றனர்? சம்பளம் வராத காவலர் எத்தனை நாள் தம் கைப்பணத்தைச் செலவிட்டுக் காட்டுக்குள் செல்வார்? இக்கேள்விகளுக்குக் கேமராவில் விடை இல்லை. ஏனெனில் இவற்றை எவரும் அதனிடம் கேட்கவில்லை.

ரோந்துப் பணிக்கும் இன்று மின்னணு முறை உண்டு. 2010-ஆம் ஆண்டு முதல் புலிகள் காப்பகங்களில் நடைமுறைக்கு வந்த ஒரு முறைப்படி, காவலர் நடந்த பாதை செயற்கைக்கோள் உதவியுடன் பதிவாகின்றது. அவர் கண்ட தடயங்களும் உடனுக்குடன் பதிவாகின்றன. தலைமையகத்தில் அமர்ந்துள்ள அலுவலர், எந்தப் பாதையில் எத்தனை கி.மீ. நடக்கப்பட்டது என்பதைத் திரையில் காணலாம். இஃது உண்மையான முன்னேற்றமே. ஆயினும் நடை குறைந்துள்ளது என்பதைத் திரை காட்டும். அது ஏன் குறைந்தது என்பதைக் காட்டாது. காரணத்தை அறிய ஒருவர் எழுந்து செல்ல வேண்டும்.

ஊதியம் ஒழுங்காக வழங்கப்பட்டு, ரோந்து தடையின்றி நடந்திருந்தால் ஐந்து புலிகளும் உறுதியாகப் பிழைத்திருக்கும் எனக் கூற இயலாது. நஞ்சு வைக்க ஓர் இரவு போதும். ஆனால் பசு மாண்ட செய்தியும், அதன் உரிமையாளரின் சினமும், காவலர்களின் குறையும் ஒருவருடைய செவியில் ஒருங்கே விழுந்திருக்குமானால், ஏதோ நேரப்போகிறது என்னும் ஐயம் அவருக்கு எழுந்திருக்கக் கூடும். தொடர்பற்றவை போலத் தோன்றும் செய்திகளை ஒன்றோடொன்று இணைத்துக் காணும் இவ்வாற்றல், வரையறுக்கப்பட்ட படிவத்தினால் வருவதன்று.

அலையும் சிந்தனை யாது?

மனிதச் சிந்தனையை இரு வகையாகப் பிரித்து நோக்கலாம். ஒரு கேள்வியை முன்வைத்து, அதற்குரிய விடையை ஒழுங்கான படிகளில் தேடுவது வரையறுத்த சிந்தனை. கணக்குப் போடுதல், விண்ணப்பத்தை விதிகளுடன் ஒப்பிடுதல், புள்ளிவிவரம் தொகுத்தல் ஆகியவை இவ்வகையின. கேள்வி எதனையும் முன்வைக்காது, கண்டதையும் கேட்டதையும் மனத்தில் உலவவிட்டு, எதிர்பாராத தொடர்புகளைக் காண்பது அலையும் சிந்தனை. முதல் வகையை இயந்திரம் விரைவாகவும் களைப்பின்றியும் செய்யும். இரண்டாம் வகையை வீண்பொழுது எனக் கருதுவது அலுவலக மரபு.

அறிவியல் இக்கருத்தை ஆதரிக்கவில்லை. குறிப்பிட்ட வேலை எதுவும் இன்றி மனம் ஓய்ந்திருக்கும் வேளையிலும் மூளையின் சில பகுதிகள் ஒருங்கிணைந்து ஊக்கத்துடன் இயங்குகின்றன என்பதை அமெரிக்க நரம்பியல் அறிஞர் மார்க்கஸ் ரெய்க்லும் அவருடைய குழுவினரும் 2001-இல் எடுத்துக்காட்டினர். பழைய நினைவுகளை மீட்டல், வருவதைக் கற்பனை செய்தல், பிறர் நிலையில் தம்மை வைத்துப் பார்த்தல் ஆகியவற்றோடு இப்பகுதிகளுக்குத் தொடர்பு உண்டெனப் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் கூறின. பிறர் நிலையில் தம்மை வைத்துப் பார்த்தல் பொறுப்புணர்ச்சியின் தொடக்கம் என்பது கருதத்தக்கது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்கியவர் ஓர் அரசு அலுவலர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், 1907-இல் நிதித்துறைத் தேர்வில் வெற்றி பெற்று, கல்கத்தாவில் உதவிக் கணக்காயராகப் பணியேற்றார். டிராம் வண்டியில் செல்லும்போது வழியில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. அன்று தொடங்கி, அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தை அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் செலவிட்டார். 1917-இல் அரசுப் பணியை விடுத்துக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் மனத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதே கடலின் நிறம் என்பது அக்கால விளக்கம். ராமன் தம்மிடமிருந்த நிகோல் பட்டகத்தின் வழியே நோக்கி, பிரதிபலிப்பை நீக்கிய பின்னரும் நீலம் குறையாதிருப்பதைக் கண்டார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்னும் எண்ணம் பிறந்தது. அவ்வழியே தொடர்ந்த ஆய்வு 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் ராமன் விளைவாக முடிந்தது. 1930-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

கப்பல் தளத்தில் நின்று கடலைப் பார்ப்பது எந்தப் பணித்திட்டத்திலும் இடம் பெறவில்லை. அதே சமயம், பட்டகம் கையில் இராவிடில் வியப்பு வியப்பாகவே நின்றிருக்கும். அலையும் சிந்தனைக்கும் சோம்பலுக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும். கருவியும் பயிற்சியும் உடையவன், கேள்வி எழுவதற்கு மனத்தில் இடம் விட்டு வைத்தல் என்பதே இதன் பொருள்.

பழைய அச்சமும் புதிய அச்சமும்

தானியங்கி முறை பற்றிய விவாதம் இந்தியாவிற்குப் புதிதன்று. 1960-களின் நடுவில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணிப்பொறி நிறுவ முற்பட்டபோது கல்கத்தாவில் ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தனர். வேலைவாய்ப்புப் பறிபோகும் என்பது அவர்களுடைய அச்சம். இவ்விவாதத்தின் விளைவாகப் பேராசிரியர் வி. எம். தாண்டேகர் தலைமையில் குழு ஒன்றை மத்திய அரசு அமைத்தது. 1980-களில் வங்கித் துறையின் இயந்திரமயம் பற்றி டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு பரிந்துரைகள் வழங்கியது. டில்லியில் ரயில் முன்பதிவு கணிப்பொறிமயமாக்கப்பட்டதும் அதே பத்தாண்டில்தான். நீண்ட வரிசைகளில் காத்து நின்ற பொதுமக்கள் அதனை மனமார வரவேற்றனர்.

அக்கால விவாதம் வேலையைப் பற்றியது. இயந்திரம் மனிதனின் கையிலிருந்து வேலையை எடுத்துக்கொள்ளுமா என்பதே கேள்வியாக இருந்தது. இக்காலத்தில் அதனோடு மற்றொரு கேள்வியும் சேர்ந்துள்ளது. இயந்திரம் முடிவு செய்யும்போது, அம்முடிவுக்குப் பொறுப்பு ஏற்பவர் யார்? வேலை பறிபோனால் இழந்தவருக்கு அது தெரியும். அவர் குரல் எழுப்புவார். பொறுப்பு நழுவினால், பாதிக்கப்பட்டவர் எவரிடம் முறையிடுவது என்பதே தெரியாமற்போகும்.

காவல் இருப்பவரின் இடர்ப்பாடு

இயந்திரம் வேலை செய்யட்டும், மனிதர் மேற்பார்வை செய்யட்டும் எனக் கூறுவது எளிது. இதில் உள்ள இடர்ப்பாட்டை உளவியல் அறிஞர்கள் முன்னரே கண்டறிந்துள்ளனர். இரண்டாம் உலகப் போரின்போது ராடார்த் திரையைக் கண்காணித்தவர்கள் நேரம் செல்லச் செல்லக் குறிகளைத் தவறவிட்டனர். இதனை ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த், கடிகார முள் போன்ற ஒன்றை இரண்டு மணி நேரம் பார்த்திருக்கச் செய்து சோதித்தார். முதல் அரைமணி நேரத்திலேயே கவனம் குறையத் தொடங்குவதாக 1948-இல் அறிவித்தார்.

பிரிட்டிஷ் உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-இல் வெளியிட்ட கட்டுரை இதனை மேலும் விளக்கியது. எளிய வேலைகளை இயந்திரத்திடம் ஒப்படைத்தபின் மனிதனுக்கு எஞ்சுவது, இயந்திரம் தவறும் வேளையில் நிலைமையைச் சமாளிக்கும் கடினமான வேலை. ஆனால் அன்றாடப் பழக்கம் விட்டுப்போனதால் அதற்கு வேண்டிய திறமை அவனிடம் குறைந்திருக்கும். தானியங்கி முறை எவ்வளவு சிறப்பாக அமைகின்றதோ, அவ்வளவுக்கு மனிதனின் பயிற்சியும் தேவைப்படுகின்றது. வனக் காவலுக்கும் இது பொருந்தும். பல மாதங்கள் காட்டில் நடவாத காவலருக்கு, ஒரு நாள் திரை தரும் எச்சரிக்கையின் பொருள் விளங்காது.

மதுக்கரையில் ஓர் ஏற்பாடு

இயந்திரமும் மனிதரும் ஒருவருக்கொருவர் துணையாக இயங்க இயலும் என்பதற்குக் கோவை மாவட்டம் மதுக்கரை நல்ல சான்று. கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப் பாதைகள் இங்கே காட்டின் ஊடே செல்கின்றன. 2021-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு, நவக்கரை அருகே மங்களூர்-சென்னை விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. இதன்பின் தமிழ்நாடு வனத்துறை, ஏறத்தாழ 7 கோடி ரூபாய்ச் செலவில், செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு முறையை நிறுவி, 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி வைத்தது. பன்னிரண்டு கோபுரங்களில் பொருத்தப்பட்ட, வெப்பத்தை உணரும் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களும் இரவிலும் யானைகளைக் கண்டறிகின்றன.

யானை பாதையை நெருங்கியதும் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை வருகின்றது. அங்குள்ளவர்கள் ரயில்வே அலுவலர்களுக்கும் களப் பணியாளருக்கும் செய்தி அனுப்புகின்றனர். என்ஜின் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். களத்தில் உள்ளவர்கள் யானைகளைப் பாதையிலிருந்து அகற்றுகின்றனர். இந்தச் சங்கிலியில் கேமரா முதல் கண்ணி மட்டுமே. கூட்டத்தில் குட்டி உள்ளதா, யானை எத்திசையில் செல்ல விரும்பும், வெடி போட்டால் மிரண்டு ரயில் பாதைக்கே ஓடுமா என்பனவற்றை அறிந்தவர் களத்தில் நிற்பவர். அவருடைய அறிவு காட்டிலும் ஊரிலும் அலைந்து பெற்ற அறிவாகும். அவரை மனத்திற்கொண்டு இம்முறை வகுக்கப்பட்டதால் கேமராவும் பயன் தருகின்றது.

பொறுப்பு எங்கே தங்குகின்றது?

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி பிரிட்டனில் நேர்ந்தது. அந்நாட்டு அஞ்சலகங்களில் 1999-ஆம் ஆண்டு முதல் புதிய கணிப்பொறிக் கணக்குமுறை புகுத்தப்பட்டது. பல கிளை அஞ்சலகங்களில் பணம் குறைவதாக அம்முறை காட்டியது. உண்மையில் பிழை கணிப்பொறியில் இருந்தது. ஆனால் கிளைகளை நடத்தியவர்களே திருடியதாகவும் பொய்க்கணக்கு எழுதியதாகவும் கொள்ளப்பட்டு, 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். பலர் சிறை சென்றனர். பலர் வீட்டையும் சேமிப்பையும் இழந்தனர். கணிப்பொறி சரியாகவே இயங்கியது என முன்னனுமானம் செய்யும் சட்டநிலை அவர்களுக்கு எதிராக நின்றது. நாட்டின் பல ஊர்களில் நற்பெயர் பெற்ற இத்தனை பேர் ஒரே சமயத்தில் எவ்வாறு திருடராக மாறினர் என்னும் எளிய கேள்வி உரிய காலத்தில் உரிய இடத்தில் எழவில்லை. 2024-இல் தனிச் சட்டம் இயற்றியே தண்டனைகள் நீக்கப்பட்டன.

இந்தியச் சட்டத்தில் இத்தகைய தீங்கிற்கு எதிரான சில காப்புகள் உள்ளன. மின்னணு ஆவணத்தைச் சான்றாக ஏற்பதற்கு, கருவிக்குப் பொறுப்பானவர் கையொப்பமிட்ட சான்றிதழைப் பழைய சாட்சியச் சட்டம் கோரியது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டம், அதனோடு வல்லுநர் ஒருவரின் கையொப்பத்தையும் கோருகின்றது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டோருக்கு அறிவிக்க வேண்டும் எனக் கூறுகின்றது. கணிப்பொறி ஏற்கவில்லை என்பது ஒரு செய்தி மட்டுமே. அது காரணம் ஆகாது.

பொது விநியோகத் திட்டத்தில் இக்கோட்பாடு தெளிவாகத் தெரியும். உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி சில வேளைகளில் ஏற்பதில்லை. முதியோருக்கும் கல்லுடைப்போருக்கும் இத்தொல்லை அதிகம். இத்தகையோருக்கு மாற்று வழியில் பொருள் வழங்கி, அதனைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவுறுத்தப்பட்டது. அப்பதிவேடு ஒரு சிறு நோட்டுப் புத்தகம். ஆனால் கருவியின் தீர்ப்பே இறுதியானது என்னும் எண்ணத்தை அது மறுக்கின்றது. எதிரே நிற்கும் மூதாட்டியை ஏறிட்டுப் பார்த்து, இவர் யார் என்பது தெரியும் எனக் கடைப் பணியாளர் எழுதிக் கையொப்பமிடும்போது, பொறுப்பு மீண்டும் ஒரு மனிதரிடம் வந்து சேருகின்றது. பதிவேடு கடையில் இல்லை என்றாலோ, அதில் எழுதினால் விசாரணை வரும் என அவர் அஞ்சினாலோ, அறிவுறுத்தல் தாளிலேயே நின்றுவிடும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து ஆட்சிப் பணியில் உள்ளோருக்குச் சில நடைமுறைகள் புலனாகின்றன.

முதலாவது, தானியங்கி முறையில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவுக்கும் ஓர் அலுவலரின் பெயர் உரியதாக இருத்தல் வேண்டும். அம்முடிவை மாற்றும் அதிகாரமும் அவருக்கு இருத்தல் வேண்டும். அதிகாரம் இன்றிப் பொறுப்பை மட்டும் சுமத்துவது பயனற்றது.

இரண்டாவது, ஒவ்வொரு படிவத்திலும் படிவம் கேளாததை எழுத ஓரிடம் தேவை. அவ்வாறு எழுதப்பட்டதைப் படிக்க ஒருவரும் தேவை. காவலர் ஒருவர், இன்ன ஊரில் மாடு இறந்தது, மக்கள் கொதிப்புற்றுள்ளனர் என எழுதுவதற்கும், அது மறுநாளே மேலிடத்தின் கண்ணில் படுவதற்கும் வழி இருக்க வேண்டும்.

மூன்றாவது, குறிக்கோள் ஒன்றை முன்கூட்டி வகுக்காத களப் பயணம் அலுவலர்களின் கடமைகளுள் ஒன்றாகத் தொடர வேண்டும். பழைய வருவாய் நிர்வாகத்தில் முகாமும் ஜமாபந்தியும் இதற்கு வழி செய்தன. கணக்குகளைச் சரிபார்க்கச் சென்ற அலுவலர் கூடாரத்தில் தங்கி, ஊராரோடு பேசி, கணக்கில் இல்லாதவற்றையும் அறிந்து திரும்பினார். தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘உங்களைத் தேடி உங்கள் ஊரில்’ திட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் மாதம் ஒருமுறை ஒரு வட்டத்தில் தங்கி ஆய்வு செய்ய வகை செய்யப்பட்டது. இத்தகைய பயணங்களில், பார்வையிட வேண்டியவற்றின் பட்டியல் முழு நாளையும் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, கருவிகளுக்கு ஒதுக்கப்படும் நிதியோடு, அவற்றின் பின்னால் நடப்பவர்களின் ஊதியமும் உரிய நாளில் சென்றடைதல் வேண்டும். கேமராவின் மின்கலம் தீர்ந்தால் அறிவிப்பு வருகின்றது. காவலரின் வீட்டில் அரிசி தீர்ந்தால் எந்தத் திரையிலும் அறிவிப்பு வருவதில்லை. மாதேஸ்வரன் மலையின் நிகழ்ச்சியில் இதனைவிடக் கசப்பான பாடம் வேறில்லை.

ஐந்தாவது, மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கேட்ட வினாவுக்கு விடை எழுதும் திறமையை இயந்திரங்கள் மேன்மேலும் பெற்று வருகின்றன. எதனைக் கேட்க வேண்டும் என்பதை அறிய, பாடநூலுக்கு வெளியே பார்ப்பதும், நடப்பதும், பிற துறைகளில் உலவுவதும் உதவும். கணக்காயர் அலுவலகத்தில் பணிபுரிந்த இளைஞர் ஒருவர் டிராம் வண்டியின் சன்னல் வழியே ஒரு பலகையைப் பார்த்ததால் நாட்டின் அறிவியல் பெற்ற பயன் சிறிதன்று.

முடிவாக

இயந்திரத்தை எதிர்ப்பதால் புலிகள் காப்பாற்றப்படப் போவதில்லை. வெறும் காலடித் தடத்தையும் பதிவேட்டையும் நம்பிய காலத்திலேயே சரிஸ்கா தன் புலிகளை இழந்தது. அங்கே கருவியின் குறை மட்டும் காரணமன்று. ஏட்டில் உள்ள எண்ணைக் காட்டில் சென்று சரிபார்க்கும் பொறுப்பும் தளர்ந்திருந்தது. மாதேஸ்வரன் மலையில் கருவிகள் முன்னேறிய காலத்திலும் அதே தளர்ச்சி வேறு உருவில் வெளிப்பட்டது. கருவி மாறலாம், சென்று பார்க்கும் கடமை மாறுவதில்லை.

அம்மலைக்கு நடந்து செல்லும் அடியார்கள் வழிநெடுக அங்கங்கே தங்கிச் செல்கின்றனர். எந்த ஓடையில் நீர் வற்றியது, எந்தப் பாதையில் யானை நிற்கின்றது, எந்த ஊரில் நோய் பரவியுள்ளது என்னும் செய்திகள் அவர்களோடு நடந்து வருகின்றன. அவர்களை எவரும் அதற்காக அனுப்பவில்லை. அச்செய்திகளைக் கேட்பதற்கு வழியோரத்தில் ஒரு வனக் காவலர் நிற்பாரேயானால், அவர் அன்று மாலை தம் கருவியில் பதிவு செய்யும் விவரம் சற்று நிறைவானதாக இருக்கும்.